கையளவு பணமும் மூன்று நாள் நகரமும் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பயணங்களைப் பற்றித் தாங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். சென்ற மாதம் நானும் என் மனைவியும் மூன்று நாள் விடுமுறையில் ஒரு பெருநகரத்துக்குச் சென்று வந்தோம். நகரத்தின் பெயரைச் சொல்லவில்லை. குறை நகரத்தின்மேல் இல்லை என்றே நினைக்கிறேன். ஓராண்டு சேமித்துச் சென்ற பயணம் என்பதால் எல்லாவற்றிலும் மலிவானதையே தேர்ந்தெடுத்தோம்: இருப்பதிலேயே மலிவான விமானச்சீட்டு, நகரின் எல்லையில் மிகக் குறைந்த வாடகைக்கு ஓர் அறை, இருபதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு அனுமதி தரும் ஒரு நகர அட்டை. அப்படியிருந்தும் நினைத்ததைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு செலவாகிவிட்டது. இப்போது யோசித்தால் வரிசைகளும் ரயில் நிலையங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. கடைசி நாள் ஒரு பூங்காவின் வாசலில் நின்று, "உள்ளே போய்க் கொஞ்சம் உட்காரலாமா" என்று மனைவி கேட்டபோது, அட்டையில் இன்னும் நான்கு இடங்கள் பாக்கி இருக்கின்றன என்று சொல்லி அழைத்துச் சென்றுவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

அடுத்த ஆண்டு வேறொரு நகரத்துக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். மூன்று நாளில் பதினான்கு இடங்கள் என்று ஓர் அட்டவணை போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இதில் எதைக் குறைக்கலாம்? அல்லது, எங்களைப் போன்றவர்கள் இப்படிப்பட்ட பயணங்களுக்கு ஆசைப்படவே கூடாதா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எழுதியிருக்கும் அந்தப் பூங்கா வாசலிலேயே உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. பூங்காவுக்குக் கட்டணம் இருந்திருக்காது என்று ஊகிக்கிறேன். உங்கள் பயணத்திலேயே மிகவும் மலிவான இன்பம் அது. ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்ட ஓர் அட்டையை வீணாக்கக் கூடாது என்பதற்காக அதை விட்டுவிட்டு ஓடியிருக்கிறீர்கள். மலிவானவற்றை வாங்குவதும் குறைந்த செலவில் பயணம் செய்வதும் ஒன்று என்று நாம் நம்பிவிடுகிறோம். என் அனுபவத்தில் இவை இரண்டும் பல சமயங்களில் எதிரெதிரானவை.

மூன்று நாள் என்பது எழுபத்திரண்டு மணி நேரம். உறக்கம், குளியல், உணவு, வந்து சேர்வது, திரும்பக் கிளம்புவது ஆகியவற்றைக் கழித்தால், கண் விழித்துக் கால் நடந்து நகரத்தைப் பார்க்கக் கிடைப்பது இருபத்தைந்து மணி நேரம் தேறினால் அதிகம். ஆகவே உங்களிடம் பணத்தைவிடக் குறைவாக இருந்தது நேரம். மலிவாகக் கிடைத்த ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் தன் விலையை எடுத்துக்கொண்டது. இழந்த நேரத்தை ஈடுகட்ட நீங்கள் வாடகைக் கார், அவசரச் சாப்பாடு, வரிசையைத் தாண்டிச் செல்லும் சிறப்புச் சீட்டு என்று மறுபடியும் பணம் கொடுத்திருப்பீர்கள். ஒன்றரை மடங்கு இப்படித்தான் ஆகியிருக்க வேண்டும்.

விமானச்சீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டில் அச்சிடப்படும் நகரத்தின் பெயரும் விமானம் இறங்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பாரிஸின் பெயரில் விற்கப்படும் பொவே விமான நிலையம் பாரிஸிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பிராங்க்பர்ட்டின் பெயரைத் தாங்கிய ஹான் விமான நிலையமோ அந்நகரத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இறங்கியபின் அங்கிருந்து ஊருக்குள் வருவதற்கான பேருந்துக் கட்டணம், அதில் போகும் அரை நாள், பெட்டிக்குத் தனியாக வாங்கும் கட்டணம் ஆகியவற்றைக் கூட்டிய பிறகுதான் ஒரு சீட்டின் விலை என்னவென்று தெரியும். நள்ளிரவில் இறங்கும் விமானமானால், மெட்ரோ நின்றுபோன நேரத்தில் ஊருக்குள் வருவதற்கான செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அறை விஷயத்தில் நான் உங்களைவிடப் பெரிய முட்டாள்தனம் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரத்தில், மையத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத் தொலைவில் அறை எடுத்தேன். மையத்தில் இருந்த எளிய விடுதியைவிட வாடகை மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதில் எனக்கு அப்படியொரு பெருமிதம். இரண்டாம் நாள் மாலை ஆற்றங்கரையில் யாரோ வயலின் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றதில் கடைசி ரயில் போய்விட்டது. வாடகைக் காருக்கு நான் கொடுத்த தொகை, மூன்று இரவிலும் மிச்சம் பிடித்ததைவிட அதிகம். ஆனால் அந்த இழப்புகூடப் பெரிதில்லை. அதற்கு முந்தைய மாலையும் அதற்கடுத்த மாலையும் ஏழு மணிக்கே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிலையத்தை நோக்கி நடந்தேனே, அதுதான் இழப்பு. மையத்தில் சிறிய அறை, மாடிப்படி ஏற வேண்டிய அறை, சன்னல் சுவரைப் பார்க்கும் அறை எதுவானாலும் பரவாயில்லை. மதியம் ஒரு மணி நேரம் கால் நீட்டிப் படுத்துவிட்டு மீண்டும் கிளம்ப முடிகிற அறைதான் சிக்கனமான அறை. உடன் வருபவர் களைத்துப்போகும்போது இதன் மதிப்பு இன்னும் நன்றாகத் தெரியும்.

அந்த அறை மலிவாகக் கிடைப்பதற்கு நாளைத்தான் மாற்ற வேண்டும், இடத்தை அன்று. அலுவலகங்களும் வங்கிகளும் நிறைந்த நகரங்களில் வார நாள்களில் விடுதிகள் நிறைந்து, வார இறுதியில் வாடகை இறங்கும். சுற்றுலாவை நம்பியிருக்கும் நகரங்களில் இதற்கு நேர்மாறு. வணிகக் கண்காட்சிகள் நடக்கும் வாரங்களைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். பிராங்க்பர்ட்டில் அக்டோபரில் புத்தகக் கண்காட்சி நடக்கும் நாள்களில் அறை தேடியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். வெனிஸ் போன்ற ஊர் 2024 முதல் நெரிசல் மிகுந்த சில நாள்களில் பகல்நேரப் பார்வையாளர்களிடம் நுழைவுக் கட்டணமே வாங்கத் தொடங்கிவிட்டது. அங்கே நாளைத் தேர்ந்தெடுப்பதே நேரடியாகப் பணத்தைத் தேர்ந்தெடுப்பதுதான்.

இனி அந்த நகர அட்டை. இருபது இடங்களின் கட்டணங்களைக் கூட்டி, அதைவிட அட்டையின் விலை எவ்வளவு குறைவு என்று காட்டுவார்கள். அந்தக் கூட்டல் சரியானதே. ஆனால் இருபது இடங்களுக்கும் போகிற மனிதன் எங்கே இருக்கிறான்? அட்டை இல்லாவிட்டால் எந்தெந்த இடங்களுக்குக் காசு கொடுத்துப் போயிருப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, அவற்றின் கட்டணத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டோ மூன்றோ இடங்கள்தான் வரும். அட்டையைவிட அது குறைவாகவே இருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். அட்டை வாங்கியவருக்குப் பயணம் ஒரு கடனாகிவிடுகிறது. ஒவ்வொரு மணி நேரமும் அசலை மீட்கப் பாடுபட வேண்டியிருக்கிறது.

எதற்கும் பணம் கொடுக்காமல் சுற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெருநகரங்கள் தங்களிடமுள்ள சிறந்தவற்றில் ஒரு பகுதியை எப்போதுமே கட்டணமின்றித்தான் வைத்திருக்கின்றன; அவை எப்போது, எந்த வாசல் வழியாகக் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவே. லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1759-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோதே அனுமதி இலவசம்; 2001-க்குப் பிறகு பிரிட்டனின் தேசிய அருங்காட்சியகங்களில் பெரும்பாலானவற்றில் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணமில்லை. இதனால் கிடைக்கும் பெரிய வசதி பணம் மிச்சமாவது மட்டும் அன்று. காசு கொடுத்த அருங்காட்சியகத்தில் நாம் எல்லா அறைகளையும் பார்த்துத் தீர்க்க முயல்கிறோம். இலவசமானதில் நாற்பது நிமிடம் ஒரே ஓர் அறையில் இருந்துவிட்டு, மறுநாள் மழை பெய்தால் மீண்டும் உள்ளே ஒதுங்கலாம். மாட்ரிட்டின் பிராடோ ஓவியக்கூடத்தில் ஒவ்வொரு நாளும் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் அனுமதி இலவசம். இரண்டு மணி நேரத்தில் அவ்வளவு பெரிய ஓவியக்கூடத்தில் என்ன பார்த்துவிட முடியும் என்று கேட்பவர்கள், ஓவியத்தின் முன் இரண்டு மணி நேரம் நின்று பார்த்ததில்லை என்பேன். இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறன்று இலவசம். ஆனால் புகழ்பெற்ற இடங்களில் அன்று கூட்டம் அலைமோதும் என்பதால், அந்த நாளை அதிகம் பேர் தேடிப் போகாத சிறிய அருங்காட்சியகங்களுக்கு ஒதுக்குவது நல்லது. வார விடுமுறையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமையும், வேறு பல அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமையும் மூடியிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி இன்னொன்று உண்டு. ஒரு கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டதோ, அந்தக் காரியம் அங்கே நடக்கும்போது போவது. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குப் பார்வையாளராகப் போனால் கட்டணம் உண்டு. மாலை வழிபாட்டுக்குப் போனால் இல்லை. பார்வையாளர் கூட்டம் கலைந்து, பேச்சொலி அடங்கி, பாடகர் குழுவின் குரல் அந்த உயரமான கூரையைத் தொட்டுத் திரும்பும்போதுதான் அந்தக் கூரை ஏன் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது புரிகிறது. வழிபடுவோருக்கு நடுவே அமர்கிறோம் என்ற மரியாதையோடு, கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு இருக்க வேண்டும்; அது ஒன்றுதான் அங்கே நாம் கொடுக்கும் விலை. 1869-இல் திறக்கப்பட்ட வியன்னாவின் ஓப்பரா எனும் இசைநாடக அரங்கிலும் இப்படித்தான். பகலில் வழிகாட்டியோடு வெற்று அரங்கைச் சுற்றிப் பார்க்கலாம். அல்லது மாலையில் வரிசையில் நின்று, மிகக் குறைந்த விலையில் விற்கப்படும் நின்று பார்க்கும் இடத்துக்கான சீட்டை வாங்கி, நிகழ்ச்சியையே பார்க்கலாம். கால் வலிக்கும்தான். எல்லா நகரங்களிலும் இசைக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள், பொது நூலகங்கள் ஆகியவற்றின் அறிவிப்புப் பலகைகளைப் பாருங்கள். மாணவர்களின் கச்சேரிக்கும் பொதுச் சொற்பொழிவுக்கும் பெரும்பாலும் கட்டணம் கேட்பதில்லை.

ஊரைச் சுற்றுவதற்கும் இதே மனநிலை போதும். பெர்லினில் 1990-இல் தொடங்கப்பட்ட 100-ஆம் எண் பேருந்து, விலங்குக் காட்சிச்சாலைப் பகுதியிலிருந்து அலெக்சாண்டர் சதுக்கம் வரை, அந்நகரின் முக்கியமான கட்டடங்கள் பலவற்றை ஒட்டியே செல்கிறது. அது சாதாரண நகரப் பேருந்து, சாதாரணச் சீட்டு. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுப் படகுக்கு 1997 முதல் கட்டணமே இல்லை. ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவை இருபத்தைந்து நிமிடத்தில் கடக்கும் அந்தப் படகிலிருந்து சுதந்திர தேவி சிலையையும் மன்ஹாட்டன் கட்டடங்களையும் பார்க்கலாம். லக்சம்பர்க் 2020-இல் நாடு முழுவதும் பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கியது. ஒவ்வொரு நகரத்திலும் இப்படி ஒரு பேருந்தோ டிராமோ படகோ இருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் அதில் சன்னல் பக்கம் பார்க்காமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"இலவச நடைச் சுற்றுலா" என்று அறிவிக்கப்படுவதைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. அது இலவசமன்று. வழிகாட்டியின் ஊதியம் நடை முடிந்தபின் நாம் தரும் தொகைதான். பல இடங்களில் அவர் தலைக்கு இவ்வளவு என்று ஏற்பாடு செய்த நிறுவனத்துக்குக் கட்டவும் வேண்டியிருக்கிறது. இரண்டரை மணி நேரம் ஒருவர் பேசியதைக் கேட்டுவிட்டு முடியும் தறுவாயில் நழுவிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சிக்கனம் நம் செலவில் இருக்க வேண்டும், இன்னொருவரின் கூலியில் அன்று.

உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பல உணவகங்களில் மதியச் சாப்பாடு அதே சமையலறையின் இரவுச் சாப்பாட்டைவிடக் குறைவு. பெரிய சதுக்கத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்தால் இன்னும் குறையும். தண்ணீர்ப் புட்டியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ரோமில் 1874 முதல் நிறுவப்பட்டு வரும் தெருக்குழாய்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் இருந்தும், அவற்றின் அருகிலேயே நின்று தண்ணீர் விலைக்கு வாங்குபவர்கள் உண்டு. வெளிநாட்டில் வங்கி அட்டையைத் தேய்க்கும்போது இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்தில் எடுத்துக்கொள்ளட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். அந்தக் கரிசனத்துக்குள் ஒரு மோசமான மாற்று விகிதம் ஒளிந்திருக்கும்.

எங்களைப் போன்றவர்கள் ஆசைப்படலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மேலே குறிப்பிட்ட அருங்காட்சியகங்களும் பூங்காக்களும் பேருந்துகளும் பெரும்பாலும் பொதுப்பணத்தில், காசு எண்ணிச் செலவழிப்பவர்களையும் மனதில் வைத்து நடத்தப்படுபவை. நீங்கள் அங்கே யாருடைய தயவிலும் நுழையவில்லை. ஆனால் மிச்சம் பிடிப்பதே நோக்கமாகிவிடக் கூடாது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நாடகமாக இருக்கலாம், ஒரு நல்ல இரவுச் சாப்பாடாக இருக்கலாம். அதற்கு மட்டும் கணக்குப் பார்க்காமல் முழு விலை கொடுங்கள். மற்ற செலவுகளைச் சுருக்குவது அதன்பின் வலிக்காது.

இனி உங்கள் அட்டவணை. பதினான்கில் ஐந்து, உயரத்திலிருந்து நகரத்தைப் பார்க்கும் இடங்கள். ஒரே நகரத்தை ஐந்து முறை மேலிருந்து பார்க்க வேண்டாம். மாலை வெயிலில் ஒன்று போதும், அதுவும் குன்றாக இருந்தால் கோபுரத்துக்குக் கொடுக்கும் கட்டணம் மிச்சம். நகரத்துக்கு வெளியே உள்ள அரண்மனை ஒரு முழு நாளைத் தின்றுவிடும்; அதை இன்னொரு பயணத்துக்கு விட்டுவிடுங்கள். கடைவீதி என்று நீங்கள் குறித்திருக்கும் மூன்றும் எப்படியும் நடக்கும் வழியிலேயே வந்துவிடும், தனியாக எழுதத் தேவையில்லை. மிஞ்சுவது ஆறு. அவற்றை வரைபடத்தில் குறித்து, அருகருகே உள்ளவற்றை நாளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பெரும்பாலும் நடந்தே போய்விடலாம். இரண்டாம் நாள் பிற்பகலை வெறுமனே விட்டுவிடுங்கள். அன்று எங்கே போவது என்பதை உங்கள் மனைவியிடம் கேளுங்கள்.

அன்புடன்.