படுத்தால் கணக்கு ஓடுகிறதா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், வயது 36. சம்பளம் 42,000, வீட்டுக்கடன் தவணை 14,500, எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடுவது) 5,000 போக மீதி வீட்டுச் செலவுக்கே சரியாகிவிடும். இரண்டாவது படிக்கும் மகளின் காலேஜுக்கென்று 3 லட்சம் எஃப்டி இருக்கிறது. ராத்திரி படுத்தால், ஆர்டர் குறைந்து வேலை போய்விட்டால், பேங்க் மூழ்கிவிட்டால், சர்க்கரை உள்ள அப்பாவுக்கு (64 வயது) ஏதாவது ஆகிவிட்டால் என்று மனம் ஓடுகிறது. எழுந்து மியூச்சுவல் ஃபண்ட் ஆப்பைப் பார்க்கிறேன். கவலையைக் குறைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் பேங்க். டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை உண்டு, 2020 பிப்ரவரியிலிருந்து இதுதான் வரம்பு. ஆனால் பணம் கிடப்பது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்திலா என்று ரசீதைப் பாருங்கள், அங்கே இந்தக் காப்பீடு கிடையாது.

அடுத்தது வேலை. எனக்கென்னவோ இங்கேதான் சிக்கல் என்று தோன்றுகிறது. கைக்கு எட்டும் பணத்தை மகளின் காலேஜுக்கென்று பூட்டிவிட்டு, அவசரத்துக்கு ஒன்றுமில்லை என்று தவிக்கிறீர்கள். மாற்றிப் போடுங்கள்: காலேஜுக்கு இன்னும் பத்து வருஷம் இருப்பதால் எஸ்ஐபி மகளுக்கு, எஃப்டி அவசரத்துக்கு. வேலை போனால் எஸ்ஐபியை நிறுத்திவைத்து, மாதம் 37,000 என்று எடுத்தாலும் எட்டு மாதம் தாங்கும். எஃப்டி முதிர்ந்ததும் ஒரு லட்சமாக மூன்று போடுங்கள், அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் மற்ற இரண்டுக்கும் வட்டி குறையாது.

ஆப்பை போனிலிருந்து எடுத்துவிடுங்கள், எஸ்ஐபி பாட்டுக்கு ஓடும். 2020 ஜனவரியில் 12,000-க்கு மேல் இருந்த பங்குச்சந்தைக் குறியீடு நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610-க்கு இறங்கியது, நவம்பரில் பழைய இடத்தைத் தாண்டிவிட்டது. எப்போதும் அவ்வளவு சீக்கிரம் ஏறும் என்று சொல்லமாட்டேன், ஆனால் பத்து வருஷப் பணத்தை ராத்திரி ஒரு மணிக்குப் பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள்?

அப்பாவைப் பற்றிய கவலை மட்டும் நியாயமானது. அவருக்கு மெடிக்கல் பாலிசி இல்லையென்றால் இந்த மாதமே எடுங்கள், சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருஷம் காத்திருக்கச் சொல்லலாம், மறைத்தால் கிளெய்மே நிராகரிக்கப்படலாம். பிரீமியம் இடித்தால் எஸ்ஐபியில் 2,000 குறைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. அப்புறம், வீட்டுக்கடனை ஈடுகட்டும் அளவுக்கு உங்கள் பெயரில் டேர்ம் பாலிசி (நீங்கள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) இருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. இல்லையென்றால் அடுத்த வேலை அதுதான்.