மாட்டு நல்லி: மஜ்ஜை உருகி ஓடாமல் சமைப்பது (கேள்வி பதில்)

நாகர்கோவிலிலிருந்து: கறிக்கடையில் நல்லி எலும்பு என்று கேட்டால் கையில் கிடைத்ததைப் போட்டுக் கொடுக்கிறார்கள். எந்த எலும்பைக் கேட்பது? எப்படி வெட்டச் சொல்வது?

பின்தொடை எலும்பின் நடுப்பகுதியைக் கேளுங்கள். துவாரம் பெரியது, மஜ்ஜை ஒரே துண்டாக வரும். அது இல்லையென்றால் முழங்காலுக்குக் கீழே உள்ள நல்லி. அதில் துவாரம் சிறியது, எலும்புச் சுவர் தடிமன். மூட்டுப் பக்கத்துத் துண்டுகளைச் சூப்புக்கு மட்டும் வாங்குங்கள். அங்கே எலும்பு சல்லடையாக இருக்கும், சிவப்பு மஜ்ஜை அதற்குள் சிக்கியிருக்கும், கரண்டியில் வராது.

வெட்டுக்கத்தியால் போட்டால் எலும்பு பிளந்து சில்லு மஜ்ஜைக்குள் இறங்கிவிடும். பல்லில் மாட்டினால் பல் போகும். அறுக்கும் மெஷின் உள்ள கடையில் வாங்குவதே நல்லது. குறுக்காக என்றால் 7 அல்லது 8 செ.மீ. துண்டுகள். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து தருவார்கள் என்றால் 12 முதல் 15 செ.மீ. வரை வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ எலும்பில் தோராயமாக 120 முதல் 150 கிராம் மஜ்ஜைதான் கிடைக்கும், அதற்கேற்ப வாங்குங்கள்.

முதுகெலும்புத் துண்டுகளை மஜ்ஜைக்காக வாங்காதீர்கள். அவற்றின் நடுவே ஓடும் வெள்ளைக் கயிறு தண்டுவடம், மஜ்ஜை கிடையாது. மாட்டின் மூளையைத் தாக்கும் பித்த மாட்டு நோய் (மேட் கவ்) பரவிய பிறகு ஐரோப்பாவில் வயது வந்த மாட்டின் தண்டுவடத்தை உணவில் சேர்க்கவே தடை உண்டு.

மதுரையிலிருந்து: மாஸ்டர், கடையில் வாங்கிய எலும்பில் மஜ்ஜை சிவப்பாக, தண்ணீர் கோத்த ஜெல்லியாக இருந்தது. ஓவனில் வைத்தால் ஒன்றுமே மிஞ்சவில்லை. கெட்டுப்போன எலும்பா?

கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது, இளைத்துப்போன மாட்டின் எலும்பு. தீனி இல்லாமல் வாடும் மாடு முதலில் தோலடிக் கொழுப்பை எரிக்கும், பிறகு வயிற்றுக் கொழுப்பை, கடைசியாகத்தான் எலும்புக்குள் இருப்பதை. மஜ்ஜைக் கொழுப்பும் தீர்ந்துபோனால் அந்த இடத்தில் நீர்த்த கூழ்தான் நிற்கும். நம் ஊர்க் கடைகளுக்கு வேலை செய்து ஓய்ந்த மாடுகளும், கறவை நின்ற எருமைகளும் நிறைய வருவதால் இது அடிக்கடி நடக்கும். இளங்கன்றின் மஜ்ஜையும் சிவப்பாகத்தான் இருக்கும், ஆனால் அது கட்டியாக இருக்கும்.

வாங்கும்போதே அறுத்த முகத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பு கலந்த வெள்ளையாகவோ இருந்து, விரலால் அழுத்தினால் குளிர்ந்த வெண்ணெய் போல நிற்க வேண்டும். விரல் உள்ளே போனால் அந்த எலும்பு சூப்புக்கு. முகம் மட்டும் சாம்பல் நிறமாகக் கறுத்திருந்தால் காற்று பட்டதால் ரத்தம் நிறம் மாறியிருக்கிறது என்று பொருள். அரை செ.மீ. சீவிப் பாருங்கள், உள்ளே நல்ல நிறமும் நல்ல வாசனையும் இருந்தால் கவலையில்லை.

சேலத்திலிருந்து: கவிச்சி அடிக்கிறது. மஞ்சள் தூள் போட்டு நாலு முறை கழுவியும் போகவில்லை.

மஞ்சள் எலும்பின் மேலேதான் நிற்கும். கவிச்சிக்குக் காரணம் உள்ளே தேங்கிய ரத்தமும், மெஷினில் அறுக்கும்போது அப்பிக்கொள்ளும் எலும்புத் தூளும். தூளைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் குளிர்ந்த தண்ணீரில் தேய்த்து எடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் உப்பு கலந்து, எலும்பு முழுகும்படி ஊற்றி ஃப்ரிட்ஜில் 12 முதல் 24 மணி நேரம் வையுங்கள். நாலைந்து மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். முதல் தண்ணீர் சிவக்கும், கடைசித் தண்ணீர் கிட்டத்தட்ட தெளிவாக நிற்கும். வெளியே மேடையில் வைத்து ஊறவைக்காதீர்கள். சென்னை வெயிலில் நாலு மணி நேரத்திலேயே கெட்டுவிடும்.

இதற்குப் பிறகும் நெடி அடித்தால் கொழுப்பு காறிவிட்டது என்று அர்த்தம். மசாலா போட்டு மறைக்கப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

கோவையிலிருந்து: ஓடிஜி ஓவனில் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம்? எனக்கு ஒவ்வொரு தடவையும் தட்டில் எண்ணெய்க் குளம்தான்.

மஜ்ஜையைக் கறியாக நினைத்து நேரம் கணக்கிடுவதால் வரும் வினை இது. நன்றாக வளர்ந்த மாட்டின் தொடை மஜ்ஜையில் பெரும்பகுதி கொழுப்பு. கறியை இன்னும் பத்து நிமிடம் விட்டால் மிருதுவாகும், கொழுப்பை விட்டால் ஓடிவிடும். அதனால் குறைந்த சூட்டில் நீண்ட நேரம் வேண்டாம், அதிகச் சூட்டில் கொஞ்ச நேரம் போதும்.

230 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும், தட்டு நடுத்தட்டில். எலும்பின் ஈரத்தை நன்றாகத் துடைத்து, அகலமான முனை கீழே இருக்க நிறுத்தி, அடியைச் சுற்றி அலுமினிய ஃபாயிலை இறுக்கிப் பிடித்துவிடுங்கள், பாதி ஒழுகல் அங்கேயே நிற்கும். மேலே கல் உப்பு இடித்தது, மிளகு. குறுக்கு வெட்டுக்கு 15 முதல் 20 நிமிடம், நீளவாக்கில் பிளந்ததற்கு 12 முதல் 15 நிமிடம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராக வைத்தால் மேல்முகம் ஒழுகத் தொடங்கியும் நடு வேகாது, அரை மணி முன்பே வெளியே எடுத்து வையுங்கள்.

12ஆவது நிமிடத்திலிருந்து பாருங்கள். ஓரம் எலும்பை விட்டுக் கொஞ்சம் விலகி, லேசாகக் கொதிக்கும். ஒரு குச்சியை நடுவில் இறக்கினால் தடையில்லாமல் போக வேண்டும், வெளியே எடுத்துப் பார்த்தால் சூடாகவும் ரத்தச் சாயல் இல்லாமலும் இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 70 டிகிரி. அந்த நொடியே எடுத்துவிடுங்கள். அணைத்த ஓவனுக்குள் விட்டுவைத்தால் அதுவும் வேகும் நேரம்தான். ஏர் ஃப்ரையரில் 200 டிகிரி, 12 முதல் 15 நிமிடம். காற்று வேகமாகச் சுற்றுவதால் மேல்முகம் சீக்கிரம் கருகும், இடையில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கொழும்பிலிருந்து: அண்ணா, எங்கட வீட்டில ஒவன் இல்லை, காஸ் அடுப்புத்தான். வேற வழி இருக்கோ?

இரண்டு வழி இருக்கிறது. அடிகனமான இரும்புச் சட்டியில் இரண்டு செ.மீ. உயரத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, மூடி போட்டு நடுத்தர தீயில் பத்து நிமிடம் காயவிடுங்கள். உப்பின் மேல் ஒரு சிறிய எவர்சில்வர் தட்டு வைத்து, அதில் எலும்புகளை நிறுத்தி, இறுக்கி மூடி 20 முதல் 25 நிமிடம். தட்டு இல்லாமல் வைத்தால் கொழுப்பு உப்பில் இறங்கிப் புகையும். மேலே செந்நிறம் அவ்வளவாக வராது, ருசியில் குறை இருக்காது.

இன்னொன்று, இட்லிப் பானையில் 12 முதல் 15 நிமிடம் ஆவியில் வைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் அறுத்த முகத்தை மட்டும் ஒரு நிமிடம் அழுத்தி எடுப்பது. இதில் வாசனை நன்றாக வரும். கல் புகையும் அளவுக்குக் காயாமல் வைத்தால் முகம் சிவப்பதற்குள் மஜ்ஜை ஒழுகிவிடும்.

திருச்சியிலிருந்து: குக்கரில் ஆறு விசில் விட்டேன். எலும்பு வெறும் குழாயாக நிற்கிறது, மஜ்ஜை எங்கே போனது?

குழம்பில் மிதக்கும் எண்ணெய்தான் உங்கள் மஜ்ஜை. குக்கருக்குள் சூடு 120 டிகிரியைத் தொடும். கொழுப்பைப் பிடித்திருக்கும் மெல்லிய சவ்வு சுருங்கி மஜ்ஜையை விட்டுவிடும். மிஞ்சியதும் வெயிட்டைத் தூக்கி ஆவியைத் திறந்துவிடும்போது எழும் கொதியில் வெளியே தள்ளப்படும்.

கறியும் மூட்டு எலும்பும் மட்டும் குக்கரில் முதலில் வேகட்டும், மாட்டுக்கறிக்கு முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் 30 முதல் 40 நிமிடம். திறந்த பிறகு ஊறவைத்த நல்லித் துண்டுகளை நிறுத்தி வைத்து, மூடாமல், லேசாகக் குமிழ் விடும் கொதியில் 20 முதல் 25 நிமிடம். குழம்பு தளதளவென்று கொதித்தால் துண்டுகள் உருண்டு மஜ்ஜை நழுவும்.

முழுதாகவே வேக வேண்டும் என்றால் இங்கிலாந்தின் பழைய சமையல் முறை ஒன்று உண்டு. மைதாவைச் சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து எலும்பின் இரண்டு வாயையும் அடைத்து, துணி சுற்றிக் கட்டி வேகவைப்பார்கள். டெல்லி, கராச்சியின் நிஹாரி என்னும் கறிக்குழம்பில் வேறு வழி: நல்லியைத் தட்டி மஜ்ஜையைத் தனியே எடுத்து, பரிமாறும்போது மேலே போடுவார்கள். வீட்டுக்கு இதுதான் எளிது.

சென்னையிலிருந்து: எலும்புச் சூப் ஒருநாள் தெளிவாக வருகிறது, ஒருநாள் பால் நிறத்தில் வருகிறது. எது சரி?

இரண்டும் சரி, கொதிதான் வேறு. வியட்நாமின் ஃபோ தெளிவாக இருக்கச் சிறு தீயில் கிடக்கும். கொரியாவின் சொல்லாங்தாங் மணிக்கணக்கில் ஓங்கிக் கொதிப்பதால் கொழுப்பு நுண்துளியாகக் கலந்து வெள்ளையாகும். எதுவானாலும் முதலில் குளிர்ந்த தண்ணீரில் எலும்பைப் போட்டு, கொதி வந்து பத்து நிமிடம் ஆனதும் அந்தத் தண்ணீரைக் கொட்டி எலும்பைக் கழுவுங்கள். பிறகு ஒரு கிலோவுக்கு இரண்டரை லிட்டர் புதுத் தண்ணீர். ஆறியதும் சூப் கட்டியாக உறைய வேண்டும் என்றால் மூட்டும் ஜவ்வும் வேண்டும். நல்லி மட்டும் போட்டால் எண்ணெய்தான் கூடும்.

ஈரோட்டிலிருந்து: குழந்தைக்கு எலும்பு பலப்பட மஜ்ஜை கொடுக்கலாமா? வினிகர் ஊற்றினால் கால்சியம் இறங்கும் என்கிறார்களே?

கால்சியம் எலும்புச் சுவரில் இருக்கிறது. சூப்பில் இறங்குவது மிகக் குறைவு, வினிகர் அதைப் பெரிதாக மாற்றாது. கால்சியத்துக்கு ராகியும் கீரையும் பாலும் கொடுங்கள். மஜ்ஜை ருசிக்கான உணவு, கொழுப்பு மிகுந்தது. குழந்தைக்கு ஒரு சின்னக் கரண்டி போதும், நன்றாக வெந்ததாக இருக்கட்டும். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ யாருமே சாப்பிடக் கூடாது, புருசெல்லா கிருமி மஜ்ஜையில் தங்கும். இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து: இங்கே இந்திய முஸ்லிம் கடைகளில் கிடைக்கும் சிவப்பு சூப் துலாங்கை மாட்டு எலும்பில் செய்யலாமா?

செய்யலாம். அது பெரும்பாலும் ஆட்டெலும்பில் செய்வது, துவாரம் சிறியது என்பதால் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிறார்கள். மாட்டெலும்பை 6 செ.மீ. ஆக அறுத்துக் கரண்டிக் காம்பால் எடுக்கலாம். குழம்பை முதலில் தக்காளி, மிளகாய் விழுது, சோம்பு சேர்த்துக் கெட்டியாக முடித்துவிட்டு, கடைசி 20 நிமிடத்தில் எலும்பை இறக்குங்கள். மாட்டு மஜ்ஜை விடும் கொழுப்பு அதிகம், அதனால் தாளிக்கும் எண்ணெயைப் பாதியாகக் குறையுங்கள்.

தேனியிலிருந்து: சும்மா சாப்பிட்டால் திகட்டுகிறது. எதோடு சாப்பிடுவது?

புளிப்பும் பச்சை வாசனையும் வேண்டும். மிலான் நகரத்து ஒஸ்ஸோபூக்கோ என்னும் கன்றுக்கால் நல்லிக் குழம்பில் எலுமிச்சைத் தோல், பூண்டு, பார்ஸ்லி மூன்றையும் பொடியாக நறுக்கி மேலே தூவுவது இதற்காகத்தான். நம் வீட்டில் சின்ன வெங்காயம் ஐந்து, கைப்பிடி கொத்தமல்லித் தழை, அரை மூடி எலுமிச்சைச் சாறு, இடித்த மிளகு கலந்து வையுங்கள். சுட்ட ரொட்டியில் மஜ்ஜையைத் தடவி அதன் மேல் இதை வைத்தால் திகட்டாது. அவித்த மரவள்ளிக்கிழங்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். கேரளத்தின் இடுக்கிப் பக்கத்து எல்லும் கப்பையும் (எலும்பும் மரவள்ளிக்கிழங்கும்) தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆறிவிட்டால் வாயில் மெழுகாக ஒட்டும், எலும்பை அடுப்பிலிருந்து இறக்கும்போதே ஆட்களை உட்கார வைத்துவிடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: தட்டில் ஒழுகிய கொழுப்பைக் கொட்டிவிடுவதா?

வேண்டவே வேண்டாம். துணியில் வடிகட்டி, சிறு தீயில் சலசலப்பு அடங்கும்வரை காய்ச்சுங்கள். சலசலப்பு என்றால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, தண்ணீர் நின்றால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். முட்டை பொரிக்கவும் பரோட்டா சூடாக்கவும் அருமையானது. காலில் கீழே போகப்போகக் கொழுப்பு இளகலாக இருக்கும், குளம்பையொட்டிய எலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெய் குளிரிலும் எளிதில் உறையாது. தோல் சாமான்களுக்குத் தடவ அதைத்தான் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். சமையலுக்குத் தொடையிலிருந்து வந்ததை எடுத்து வையுங்கள்.

அரியலூரிலிருந்து: மிச்ச எலும்பை நாய்க்குப் போடலாமா?

கூடாது. வெந்த எலும்பு கூர் கூராக உடையும், குடலைக் கிழித்துவிடும்.