நான் இல்லாத இரண்டு வாரம்

கேள்வி: எப்போது பார்த்தாலும் வேலை, வேலை என்று ஓடிக்கொண்டே இருக்கிறேன். சும்மா உட்கார்ந்தால் ஏதோ தப்புச் செய்வதுபோல் இருக்கிறது. இதை மாற்றிக்கொள்ள முடியுமா?

அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கேள்வி சுருக்கென்று தைத்தது, அதனால் எழுதுகிறேன். நீங்கள் அலுவலக வேலையில் இருப்பவர், முப்பதைத் தாண்டாதவர் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டுமானத் தளத்தில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் தம்பிகளுக்கு இந்தப் பதில் பொருந்தாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் 'வயிறு நிறைந்தவன் பேச்சு' என்று யாராவது கிளம்பி வருவார்கள்.

எனக்கு சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் பக்கம் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் வேலை. எந்த கன்டெய்னர் எந்தக் கப்பலில் ஏறியது, எது துறைமுகத்தில் தங்கிவிட்டது என்று தினமும் மாலையில் ஓர் அறிக்கை தயாரித்து 14 பேருக்கு அனுப்புவேன். அதை முடிக்க இரவு எட்டாகிவிடும். நான்கு ஆண்டுகள் ஒரு நாளும் தவறியதில்லை. ஈசூனில் இருக்கும் சித்தப்பா வாரக் கடைசியில் கூப்பிடுவார். "வேலை நெட்டி முறிக்கிறது சித்தப்பா" என்பேன். "சரிப்பா, வேலைதான் முக்கியம்" என்று வைத்துவிடுவார். உண்மையைச் சொன்னால், அப்படிச் சொன்ன பல சனிக்கிழமைகளில் நான் சோபாவில் படுத்துக்கொண்டு பழைய கிரிக்கெட் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2018இல் ரிசர்விஸ்ட் முகாம் பயிற்சிக்கு அழைப்பு வந்தது. கட்டாய ராணுவப் பணியான முழுநேர தேசிய சேவை 2 ஆண்டில் முடிந்தாலும் அதன் பிறகும் ஆண்டுக்கு 40 நாள் வரை அழைக்கலாம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு இரண்டு வாரம். நான் போனால் அலுவலகம் மூழ்கிவிடும் என்று மனைவியிடம் புலம்பினேன். அவள் என் உள்ளாடைகளை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவே இல்லை.

முகாமில் வேலை என்ன தெரியுமா? காத்திருப்பது. அடித்துப் பிடித்து வரிசைக்கு ஓடுவோம், துப்பாக்கி வாங்க ஒரு மணி நேரம் நிற்போம். பிறகு லாரிக்கு ஓடுவோம், லாரி வராது. என் பிரிவில் ஒரு வங்கி அதிகாரி, ஒரு டாக்சி ஓட்டுநர், ஒரு கோழிச்சோற்றுக் கடைக்காரர். முதல் நாள் வங்கி அதிகாரியும் நானும் யாருக்கு அதிக வேலை என்று போட்டி போட்டுக்கொண்டு புலம்பினோம். கடைக்காரர் வாயே திறக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, எங்களில் அவர் ஒருவர்தான் கடையை இழுத்து மூடிவிட்டு வந்தவர். நான்காம் நாள் மத்தியானம் ரப்பர் மரத்தடியில் தலைக்கவசத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு அவர் விட்ட குறட்டை இன்னும் காதில் இருக்கிறது. அதே மரத்தடியில் நானும் தூங்கினேன். பகலில் தூங்கி எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தன!

திரும்பி வந்தபோது 600க்கு மேல் மின்னஞ்சல்கள். பதறிக்கொண்டு திறந்தேன். என் இடத்தைப் பார்த்துக்கொண்ட இளம்பெண் முக்கியமானவற்றுக்கெல்லாம் பதில் போட்டு முடித்திருந்தாள். "அந்தச் சாயங்கால அறிக்கை?" என்று கேட்டேன். "இரண்டாம் நாளே நிறுத்திவிட்டேன், யாரும் கேட்கவில்லையே" என்றாள். பதினான்கு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை! அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான்கு ஆண்டு இரவுகள், சித்தப்பாவிடம் சொன்ன பொய்கள், எல்லாம் அந்த அறிக்கையை நம்பித்தானே நின்றன?

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். 'ஓடுகிறேன்' என்று சொல்லும்போது உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கிறதா? எனக்கு இனித்தது. வேலை இல்லாதவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற பயமும் இருந்தது.

எல்லாம் நம் மனப்பிரமை என்று சொல்லவும் நான் தயாரில்லை. வாரம் 44 மணி நேரம் என்ற சட்ட வரம்பு, உடலுழைப்புத் தொழிலாளர் அல்லாதவர்களில் மாதம் 2,600 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேல் வாங்குபவர்களுக்குப் பொருந்தாது. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் முக்கால்வாசிப் பேருக்கு 'போதும், எழுந்திரு' என்று சொல்ல ஆளில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கேள்விக்கு வெளியேதான். 2019இல் தைப்பூசம் ஜனவரி 21, திங்கட்கிழமை. அப்பாவுக்கு வேண்டிக்கொண்ட பால்குடம் இருந்தது. விடுப்புக் கேட்டேன். "சீனப் புத்தாண்டுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது, சரக்கு குவியும் நேரம்" என்று அரை நாள் கொடுத்தார் மேலாளர். அவர் சொன்னதும் பொய்யில்லை, சீனாவில் ஆலைகள் மூடுவதற்குள் எல்லோரும் சரக்கை ஏற்றப் பார்ப்பார்கள். ஆனால் 1968 வரை தைப்பூசம் இந்த ஊரில் பொது விடுமுறை. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குத் தலையில் குடத்தோடு நடக்கிறேன், பக்கத்தில் வரும் மனைவியின் கைப்பையில் என் கைப்பேசி அதிர்ந்துகொண்டே வருகிறது. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

இப்போது ஆறு மணிக்குக் கிளம்பிவிடுகிறேன். அந்த அறிக்கையை மறுபடி தொடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவோடு காப்பிக் கடையில் உட்காருகிறேன். அவர் பேசுவதில் பாதி ஏற்கெனவே கேட்டதுதான். ஆனால் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அலுவலகத்தில் என் நாற்காலியில் ஒரு குளிர்ச்சட்டை தொங்கும். கிளம்பும்போது அதை எடுப்பதில்லை. கடந்து போகிறவர்கள், கழிப்பறைக்குப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளட்டும்.