சந்தையில் வணிகப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் போட்டி ஆணையங்கள் வழக்குப் போடுவதோடு நிற்காமல் ஏன் வகுப்பும் எடுக்கின்றன?

வணிகச் சங்கங்களிடம் போய்ச் சட்டத்தை விளக்குவது, போட்டியை முடக்கும் விதிகளை மாற்றச் சொல்லி அரசுக்கே ஆலோசனை தருவது, இதைத்தான் 'போட்டிப் பரப்புரை' என்கிறார்கள்.

காரணம் எளிது. போட்டியாளர்கள் விலையைப் பேசி வைத்துக்கொள்வது ரகசியமாக நடக்கும், அதைக் கண்டுபிடிப்பதற்குள் வாடிக்கையாளர் வருடக்கணக்கில் கூடுதல் பணம் கொடுத்திருப்பார். அப்புறம், சங்கக் கூட்டத்தில் 'இனி எல்லோரும் ஒரே விலைதான்' என்று முடிவெடுப்பதே சட்டமீறல் என்பது பல சிறு வியாபாரிகளுக்குத் தெரியாது. எனக்கு இதுதான் பெரிய வருத்தம். டெண்டர் விடும் அதிகாரிகளுக்கும் பயிற்சி தருவார்கள், கூட்டுச் சதியின் அடையாளங்கள் முதலில் அவர்கள் கண்ணில்தானே படும்!

பல் மருத்துவர் சொத்தைப் பல்லைப் பிடுங்குவார், எப்படித் துலக்குவது என்றும் சொல்லித் தருவார் இல்லையா, அப்படித்தான்.

அதனால் தண்டனை கிடையாது என்று நினைக்காதீர்கள், விளக்கக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தவர் மீறினாலும் விசாரணையும் அபராதமும் உண்டு.