கண் அழுத்தம் 15தான். டாப்ளர் ஸ்கேன் தேவையா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 64, பிபி மாத்திரை சாப்பிடுகிறார். கண் அழுத்தம் 15தான், ஆனாலும் கிளாக்கோமா என்கிறார்கள். கண்ணுக்குப் பின்னால் ரத்த ஓட்டம் குறைவாம். டாப்ளர் ஸ்கேன் எடுத்து, ஆறு மாதம் கேப்சூல் சாப்பிடச் சொல்கிறார், முகாமுக்குக் கூட்டிப்போன ஆள். மலைக் குளிர்தான் காரணமா?

பதில்: அந்த ஸ்கேனுக்குப் பணம் கட்டாதீர்கள், அம்மா.

கிளாக்கோமா என்றால் பார்வை நரம்பு மெல்ல மெல்லச் சேதமாவது. கண் அழுத்தம் 21 வரை இயல்பு என்பது பொதுக் கணக்கு. அப்பாவின் பார்வை நரம்பு 15ஐயே தாங்கவில்லை. கருவிழி மெலிந்திருந்தாலும் அழுத்தம் குறைவாகக் காட்டும். தடிமனை அளந்தார்களா என்று கேளுங்கள்.

ரத்த ஓட்டம் என்ற பேச்சு பொய்யில்லை. பார்வை நரம்புக்கு ரத்தத்தைத் தள்ளுவது உடலின் பிபி. எதிர்த்து நிற்பது கண்ணின் அழுத்தம். தூக்கத்தில் பிபி இறங்குவது இயல்பு. மாத்திரையை இரவில் போட்டால் சிலருக்கு அளவுக்கு மீறி இறங்கி, நரம்பு பட்டினி கிடக்கும். அப்பா எப்போது போடுகிறார்? இரவென்றால், காலைக்கு மாற்றலாமா என்று பிபி டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவே கூடாது. இதைக் கண் டாக்டரே அவருக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நம் ஊரில் அந்த ஒரு வரி எழுத யாருக்கும் நேரமில்லை, நோயாளிதான் தூது போகவேண்டியிருக்கிறது.

டாப்ளர், கண்ணுக்குப் பின்னால் ரத்தம் ஓடும் வேகத்தைக் காட்டும். ஆராய்ச்சிக்கு உதவும்; ஆனால் அந்த எண்ணை வைத்து அப்பாவின் சிகிச்சை மாறப்போவதில்லை. கேப்சூல் நரம்பைக் காப்பாற்றும் என்பதற்கும் உறுதியான ஆதாரமில்லை. முகாமிலிருந்து ஸ்கேன் சென்டர் வரை கூடவே வருகிற ஆளுக்குக் கமிஷன் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கண் சிவப்புக்குத் தருகிற ஸ்டீராய்டு சொட்டு மருந்தையும் தொடாதீர்கள், கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

பலன் நிரூபணமானது ஒன்றுதான்: இருக்கிற கண் அழுத்தத்தை இன்னும் இறக்குவது. 1998இல் வெளியான ஆய்வில், 30 சதவீதம் இறக்கிய கண்களில் 12 சதவீதமே மோசமாயின. சிகிச்சை தராதவற்றில் 35 சதவீதம். அப்பாவுக்கு 10, 11க்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். தினமும் விடுகிற சொட்டு மருந்தே பெரும்பாலும் போதும்.

ஆனால் ஒன்று. ஒரு கண் மட்டும் திடீரென இருண்டு, சில நிமிடங்களில் தானாகத் தெளிந்ததா? வலியே இருக்காது, அதனால் வீட்டில் சொல்லாமலும் விட்டிருப்பார். உட்காரவைத்துக் கேளுங்கள். ஆம் என்றால் கழுத்து ரத்தக் குழாய்க்கு டாப்ளர் கட்டாயம். அது வேறு ஸ்கேன், வேறு காரணம்: பக்கவாதத்துக்கு முன்னெச்சரிக்கையாக இருக்கலாம். அன்றே பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

குளிருக்காக மலையை விட்டு இறங்க வேண்டாம். குளிரில் விரல் வெளுப்பது, ஒற்றைத் தலைவலி, மூச்சு முட்டும் குறட்டை இருந்தால் கண் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், பீல்டு டெஸ்ட் (பக்கவாட்டுப் பார்வை எவ்வளவு தெரிகிறது என்ற சோதனை) அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பழையதோடு ஒப்பிட்டால்தான் நோய் முற்றுகிறதா என்று தெரியும். பல இடங்களில் தாளைக் கையில் தருவதில்லை. அதற்காகவே மறுபடி மேட்டுப்பாளையம் இறங்கி ஏற வேண்டுமா? வாங்காமல் கிளம்பாதீர்கள்.