சுவர் மூலை 93.4 டிகிரி, வெட்டு ஏன் சேரவில்லை?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பணி ஓய்வுக்குப் பிறகு மரவேலை பழகுகிறவர். இருப்பது தாத்தா காலத்து ஓட்டு வீடு, சுண்ணாம்புக் காரைச் சுவர். அவருடைய கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்:

"கூடத்து மூலையில் டிஜிட்டல் கோணமானியை வைத்தேன், 93.4 காட்டியது. பாதி 46.7. மைட்டர் ஸாவில் (கோணம் திருப்பி வெட்டும் மின்ரம்பம்) அதையே வைத்து, சுவரடியில் ஓடும் 12 மி.மீ. ஸ்கர்ட்டிங் பலகை இரண்டை வெட்டினேன். சுவரோடு ஒட்டினால் முன்பக்கம் 2 மி.மீ. வாய் பிளக்கிறது. பட்டி வைத்து அடைத்திருக்கிறேன். அடுத்து சுவரலமாரிக்கு 18 இஞ்ச் ஆழத்தில் ஐந்து தட்டுகள் போட வேண்டும். இரண்டு பக்கச் சுவரும் கோணல். கடைக்காரர் மடக்குகிற பெவல் கேஜ் ஒன்றைக் காட்டினார். அதில் எண்ணே இல்லை! டிகிரி சொல்லாத கருவியால் எனக்கு என்ன பயன்? நான்கு சட்டங்கள் மடங்குகிற பிளாஸ்டிக் கருவி தேவலையா?"

முதலில் அந்த 2 மி.மீ. விவகாரத்தை முடித்துவிடுவோம். உங்கள் கோணமானி பொய் சொல்லவில்லை. பாதி போட்டதும் சரி. தப்பு நடந்தது ரம்பத்தில். மைட்டர் ஸாவில் பலகையை நேர்க்குறுக்காக வெட்டும்போது அளவுகோல் 90 என்று காட்டாது, 0 என்று காட்டும். அங்கிருந்து எவ்வளவு திருப்பினீர்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. உங்களுக்கு வேண்டியது பலகையின் முனையில் 46.7 டிகிரிக் கூர். அதற்கு ரம்பத்தை 90-இலிருந்து 46.7 போக மீதி, அதாவது 43.3-க்குத் திருப்ப வேண்டும். நீங்கள் 46.7-இல் வைத்ததால் முனை 43.3 ஆகிவிட்டது. இரண்டு பலகையும் சேர்ந்து 86.6. சுவரோ 93.4. மீதி 6.8 டிகிரி ஆப்பு வடிவத்தில் முன்பக்கம் திறந்து நிற்கிறது. 12 மி.மீ. கனப் பலகையில் அது சரியாக 2 மி.மீ. வரும். நீங்கள் எழுதிய அந்த 2 மி.மீ.தான் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது.

மூலை சரியாக 90 ஆக இருந்திருந்தால் இந்தத் தப்பு வெளியே தெரிந்தே இருக்காது. பாதி 45, மீதியும் 45. அதனால்தான் புது வீடுகளில் வேலை பழகியவர்கள் பழைய வீட்டுக்குப் போனதும் தடுமாறுகிறார்கள்.

இப்போது எண் இல்லாத கருவிக்கு வருவோம். பெவல் கேஜில் இரண்டே உறுப்புகள். ஒன்று கைப்பிடிக் கட்டை. மரமோ, பிளாஸ்டிக்கோ, இரும்போ இருக்கலாம். இன்னொன்று நடுவில் நீளப் பிளவு விட்ட எஃகுத் தகடு. பேனாக்கத்தி மாதிரித் தகடு கட்டைக்குள் மடங்கும். பிளவு இருப்பதால் முன்னும் பின்னும் நகரும். திருகை முடுக்கினால் அந்த நிலையிலேயே நிற்கும். மூலைமட்டம் 90 ஒன்றைத்தான் அறியும். இது எந்தக் கோணத்தையும் பிடிக்கும், ஆனால் என்ன கோணம் என்று சொல்லாது.

அது சொல்ல வேண்டியதும் இல்லை. சுவரிலிருக்கும் சாய்வைப் பலகைக்குக் கொண்டுபோவதுதான் உங்கள் வேலை. நடுவில் அதை எண்ணாக்கி, எண்ணை மறுபடி ரம்பத்தில் வைத்து, ஒவ்வொரு கைமாற்றலிலும் கொஞ்சம் கொஞ்சம் ஏன் இழக்க வேண்டும்? கணக்கைப் பாருங்கள். 18 இஞ்ச் ஆழத் தட்டில் 1 டிகிரி பிசகினால் முன்முனையில் இரண்டரை நூல் (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) விலகும். மலிவான டிஜிட்டல் கோணமானிகள் பலவற்றின் அட்டையிலேயே ±0.3 டிகிரி என்று போட்டிருக்கும். அதுவே முக்கால் நூல். ரம்பத்தின் அளவுகோலைக் கண்ணால் பார்த்து வைக்கும்போது இன்னொரு அரை டிகிரி போனால், கடைசியில் தட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு பென்சில் கனத்துக்குச் சந்து. பெவல் கேஜில் இந்தப் படிகளே கிடையாது. சுவரில் வைத்தோம், முடுக்கினோம், பலகையில் கோடு போட்டோம், அவ்வளவுதான்.

வைக்கிற விதத்தில்தான் சூட்சுமம். காரைச் சுவரில் மூலை ஒருபோதும் கூராக இருக்காது. கொத்தனார் கரண்டியை உருட்டி இழுத்த இடம் அது. எட்டு இஞ்ச் தகட்டை நேரே மூலைக்குள் செருகினால் நீங்கள் எடுப்பது சுவரின் கோணம் அல்ல, பூச்சு வீங்கிய இடத்தின் கோணம். பின்சுவர் நெடுக ஒரு நேரான ரீப்பரை நிறுத்துங்கள். பக்கச் சுவரில் இன்னொன்று. இரண்டும் மூலையைத் தொடாமல் இரண்டு இஞ்ச் தள்ளியே நிற்கட்டும். ரீப்பருக்குப் பின்னால் ஏதாவது மேடு இடித்து அது ஆடினால், ஆடாத நிலை வரும்வரை அட்டைத் துண்டைச் செருகுங்கள். இப்போது கைப்பிடிக் கட்டையின் முதுகைப் பின் ரீப்பரோடு ஒட்டி, தகட்டை முன்னால் நீட்டிப் பக்க ரீப்பரைத் தொட விடுங்கள். திருகை முக்கால்வாசி முடுக்குங்கள். பின்னாலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் காட்டுங்கள். தகட்டுக்கும் ரீப்பருக்கும் நடுவே ஒளிக்கீற்று ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தால் கோணம் இன்னும் வரவில்லை. விரலால் லேசாகத் தட்டி, கீற்று முழுக்க மறைந்ததும் மீதியை முடுக்குங்கள்.

முடுக்கியபின் மறுபடி டார்ச். திருகை இறுக்கும்போது தகட்டை அது தன்னோடு ஒரு மயிரிழை இழுத்துக்கொண்டு போகும். பத்தில் நான்கு முறை நான் இரண்டாம் தடவை சரிசெய்கிறேன், இத்தனை வருடம் கழித்தும்.

எடுத்த கோணத்தைக் கருவியிலேயே வைத்துக்கொண்டு அலையாதீர்கள். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஒரு வீட்டில் மாடிப்படிக்கு அடியில் வரும் அலமாரிக்கு சாய்வு எடுத்து, பெவலை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். வழியெல்லாம் பள்ளம். வந்து கோடு போட்டு, நல்ல தேக்குப் பலகையை வெட்டி, திரும்பக் கொண்டுபோய் வைத்தால் மேலே அரை இஞ்ச் இடைவெளி. திருகு தளர்ந்திருந்ததை நான் பார்க்கவே இல்லை. அந்தப் பலகை இப்போது என் வீட்டுப் பூஜை அறையில் குட்டித் தட்டாக இருக்கிறது.

அதற்குப் பிறகு எப்போதும் கூடவே ஒரு ப்ளைவுட் வெட்டுத்துண்டு வைத்திருக்கிறேன். ஒரு ஓரம் மட்டும் இழைத்து நேராக்கியது. சுவரிலிருந்து எடுத்த அந்த நொடியே கட்டையை அந்த ஓரத்தில் சாய்த்து, கூர்ப் பென்சிலால் கோடு. பக்கத்தில் "2-ஆம் தட்டு, இடது, பின்பக்கம் இந்தப் பக்கம்" என்று எழுதிவிடுவேன். மரக்கப்பல் கட்டுகிறவர்களிடம் இது பழைய பழக்கம். கப்பலின் ஒவ்வொரு விலாச் சட்டத்துக்கும் சாய்வு மாறிக்கொண்டே போகும். அத்தனையையும் ஒரே பலகையில் வரிசையாகக் கீறி வைத்துக்கொள்வார்கள். உங்களுக்கு ஐந்து தட்டு, தட்டுக்கு இரண்டு பக்கம். பத்துக் கோணம், ஒரே பெவல் கேஜ், ஒரே வெட்டுத்துண்டு. கீழ்த் தட்டுக்கு எடுத்த கோணமே மேல்தட்டுக்கும் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். காரைச் சுவர் மேலே போகப் போகத் திரும்பிக்கொண்டே போகும்.

"பின்பக்கம் இந்தப் பக்கம்" என்று எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பெவல் கேஜ் ஒரே சமயத்தில் இரண்டு கோணங்களைப் பிடித்திருக்கும்: தகட்டின் ஒரு பக்கம் 93 என்றால் மறுபக்கம் 87. பலகையில் கட்டையைத் திருப்பி வைத்துவிட்டால் மூன்று டிகிரி விரிய வேண்டிய இடத்தில் மூன்று டிகிரி குறுகும். பழகியவர்களும் விழுகிற குழி இது. சுவரில் கட்டை எந்தப் பக்கமாக நீண்டிருந்ததோ, பலகையின் பின்விளிம்பிலும் அந்தப் பக்கமாகவே நீள வேண்டும்.

கோணம் சரியாக வந்தாலும் அகலம் தப்பினால் தட்டு உள்ளே போகாது. இன்ச் டேப்பை மூலைக்குள் மடக்கிப் படிக்காதீர்கள். இரண்டு மெல்லிய குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டு பக்கச் சுவரையும் தொடும்வரை விரித்து, நடுவில் கிளிப் போட்டுவிடுங்கள். அதுதான் அகலம். பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று. பெவலில் எடுத்த கோணங்களும் இந்த இரண்டு அகலங்களும் பலகையில் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றால், வெட்டுவதற்கு முன்பே எங்கேயோ தப்பு என்று தெரிந்துவிடும்.

வெட்டும்போதும் எண் வேண்டாம். கை ரம்பம் என்றால் கோட்டைப் பார்த்து அறுக்கப்போகிறீர்கள். மைட்டர் ஸா என்றால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பெவலின் கட்டையை வேலியில் (பலகையைச் சாய்த்து வைக்கும் பின்தடுப்பு) சாய்த்து, தகட்டை ரம்பத் தட்டோடு ஒட்டி, ரம்பத்தை அதற்கேற்பத் திருப்பிப் பூட்டுங்கள். ரம்பப் பல்லைத் தகடு தொடக் கூடாது. பற்கள் இருபக்கமும் விரிந்திருக்கும், ஏமாற்றிவிடும். பல்லுக்கு உள்ளே இருக்கும் தட்டையான பரப்பில் வையுங்கள்.

ஸ்கர்ட்டிங்குக்குக் கோணத்தைப் பாதியாக்க வேண்டுமே, அதை எண் இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தில் செய்ததுதான். வெட்டுத்துண்டில் மூலையின் முழுக் கோணத்தையும் வரையுங்கள். உச்சியில் காம்பஸ் முள்ளை ஊன்றி இரண்டு கோட்டையும் வெட்டுகிற மாதிரி ஒரு வில். வெட்டிய இரண்டு புள்ளிகளிலிருந்தும் ஒரே அளவில் இரண்டு வில். அவை சந்திக்கும் இடத்தை உச்சியோடு சேர்த்தால் சரிபாதி. பெவலை அந்தக் கோட்டுக்குத் திருப்பி முடுக்கிக்கொள்ளுங்கள். மூலை 93.4 ஆ 93.7 ஆ என்ற கவலையே இல்லை. பெரிதாக வரையுங்கள், ஒரு அடி நீளக் கோடாவது இருக்கட்டும். சின்ன வரைபடத்தில் பென்சில் முனையின் தடிமனே அரை டிகிரியைத் தின்றுவிடும்.

டவ்டெயில் பூட்டு (புறாவால் வடிவப் பற்களால் இரண்டு பலகையைக் கோக்கும் இணைப்பு) போடப் பழகும்போதும் இதே வழிதான். மென்மரத்துக்கு 6-க்கு 1 சாய்வு என்பார்கள். பலகை ஓரத்திலிருந்து மூலைமட்டத்தால் ஒரு கோடு இழுத்து, அதில் 6 இஞ்ச் ஏறி, பக்கவாட்டில் 1 இஞ்ச் நகர்ந்து புள்ளி வைத்துச் சேர்த்தால் சாய்வு தயார். அது 9.46 டிகிரி என்பதை ஆசாரி தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே வந்ததில்லை.

அப்படியானால் டிஜிட்டல் கோணமானி வீணா? இல்லை. போனில் ஒருவருக்குக் கோணம் சொல்ல வேண்டும், கடையில் சொல்லி வெட்டி வாங்க வேண்டும் என்றால் எண்தான் வேண்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டு காலையும் நேரான பரப்பில் மூடி வைத்து 0 அழுத்திவிட்டு எடுங்கள். நடுவில் ஒரு மரத்தூள் சிக்கினாலும் 0 பொய்யாகிவிடும். நான்கு சட்டங்கள் மடங்குகிற பிளாஸ்டிக் கருவி டைல்ஸ்காரர்களுக்கு நல்ல துணை. தூணைச் சுற்றி, குழாயைச் சுற்றி வெட்ட வேண்டிய உருவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சட்டம் வளையும், நான்கு திருகில் ஏதாவது ஒன்று நழுவும். உங்கள் தட்டுகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெவல் கேஜ் வாங்கும்போது கடையிலேயே மூன்று விஷயம் பாருங்கள். திருகை முடுக்கிவிட்டுத் தகட்டின் நுனியை விரலால் தள்ளுங்கள்; அசைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பட்டர்ஃப்ளை நட் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்தால் ஒரு பக்கமாகத்தான் பலகையில் படுக்கும். கட்டையின் வாலில் திருகு இருப்பது வசதி, விலை கொஞ்சம் கூடும். தகடு நேரா என்று பார்க்க, காகிதத்தில் இரண்டு புள்ளி வைத்து ஒரு கோடு இழுங்கள். தகட்டைப் புரட்டி, அதே விளிம்பால் அதே புள்ளிகளுக்கு இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் நேர். நடுவில் கண் மாதிரி பிரிந்தால் வளைவு.

கடை தூரம் என்றால் நீங்களே செய்துகொள்ளலாம். இழைத்த இரண்டு தேக்கு ரீப்பர் துண்டுகள், ஒன்றரை அடி நீளம், ஒரு முனையில் துளை, ஒரு போல்ட், ஒரு வாஷர், ஒரு பட்டர்ஃப்ளை நட். பழைய சுவருக்கு எட்டு இஞ்ச் கடைத் தகட்டைவிட இந்த ஒன்றரை அடிதான் உண்மை பேசும்.

ஸ்கர்ட்டிங்கைத் தூக்கிப் போட வேண்டாம். பட்டியைச் சுரண்டிவிட்டு இரண்டு பலகையையும் கழற்றுங்கள். ரம்பத்தை 43.3-க்கோ, பெவலில் எடுத்த பாதிக்கோ வைத்து முனையை மறுபடி சீவினால், பின்பக்கக் கூர்முனையில் ஒவ்வொன்றிலும் ஒன்றரை மி.மீ. அளவுதான் குறையும். இரண்டையும் மூலைக்குத் தள்ளிச் சேர்த்துவிட்டு, அந்த ஒன்றரை மி.மீ. சந்தை மறுமுனையில், கதவு நிலையோரம் வருகிற மாதிரி விடுங்கள். கையில் இருக்கும் பட்டி அங்கே போதும்.