வெயிலை வைத்தே குளிர்ச்சி செய்யலாமா?

கேள்வி (வேலூர் வாசகர்): எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தச் சூட்டை வைத்தே, கரண்ட் இல்லாமல் ஒரு ஏசி ஓட்ட முடியாதா? ஏன் யாரும் செய்வதில்லை?

முடியும், 1878-லேயே செய்து காட்டிவிட்டார்கள். பாரிஸ் உலகக் கண்காட்சியில் அகுஸ்தேன் மூஷோ என்ற பிரெஞ்சுக் கணித ஆசிரியர், கூம்பு வடிவத்தில் ஒரு பெரிய பிரதிபலிப்பானை வைத்து வெயிலைக் குவித்து, அந்தச் சூட்டைக் கொண்டே ஐஸ் கட்டி செய்தார். சூட்டிலிருந்து ஐஸ் எப்படி வரும்? சூட்சுமம் அமோனியாவில் இருக்கிறது. அது தண்ணீரில் சட்டென்று கரையும், சூடாக்கினால் ஆவியாகப் பிரிந்து வந்துவிடும். பிரிந்த ஆவியை ஆறவைத்துத் திரவமாக்கி, அழுத்தம் குறைந்த இடத்தில் விட்டால், அக்கம்பக்கத்துச் சூட்டை எல்லாம் இழுத்துக்கொண்டு மறுபடி ஆவியாகும். குளிர்ச்சி கிடைப்பது அங்கேதான். அப்புறம் அந்த ஆவி திரும்பத் தண்ணீரில் கரைந்து, பழையபடி சூடேறப் போகும். கம்ப்ரஸர் செய்ய வேண்டிய வேலையைச் சூடே செய்துவிடுகிறது. அமோனியாவுக்குப் பதில் தண்ணீரும் லித்தியம் புரோமைடு என்ற உப்பும் வைத்து இதே முறையில் ஓடும் பெரிய இயந்திரங்கள் ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் இன்றும் இருக்கின்றன.

வீட்டுக்கு ஏன் வரவில்லை என்றால், கணக்கு உதைக்கிறது. நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1000 வாட் விழுகிறது என்று வையுங்கள். அதைச் சூடாகவே பிடித்து 85, 90 டிகிரி வெந்நீராக்கினால் பாதி, அதாவது 500 வாட் கைக்கு வரும். மேலே சொன்ன முறையில் சூட்டால் ஓடும் சாதாரண இயந்திரம் (உறிஞ்சு இயந்திரம் என்பார்கள்) அதில் 0.7 பங்குதான் குளிர்ச்சியாகக் கொடுக்கும். ஆக 350 வாட். அதே இடத்தில் சோலார் பேனல் போட்டால் 200 வாட் கரண்ட்தான் வரும், ஆனால் இன்றைய நல்ல ஏசி அந்த 200 வாட்டை வைத்து 700 வாட் சூட்டை அறையிலிருந்து வெளியே தள்ளிவிடும். இரண்டு மடங்கு. போதாததற்கு உறிஞ்சு இயந்திரத்துக்குச் சூட்டை வெளியே விடக் கூலிங் டவர் வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும், வேலூரில் கோடையில் அதற்கு எங்கே போவது? எப்படியும் வீணாகப் போகிற சூடு இருக்கும் ஆலைகளுக்கு இந்த முறை அருமையானது. உங்கள் வீட்டுக்குப் பேனலும் இன்வெர்ட்டர் ஏசியும்தான் சரி.

ஆனால் சூரியக் குளிர்ச்சி என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏசி இல்லை, தடுப்பூசிப் பெட்டி. தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கரண்ட் எட்டாத ஊர்களில் முன்பு மண்ணெண்ணெயில் எரியும் ஃபிரிட்ஜ்தான் கதி (அதுவும் அமோனியா முறைதான்), அதில் வெப்பநிலை ஒரு நிலையில் நிற்காது. பிறகு பேனலோடு பேட்டரி வந்தது, சில வருடங்களில் பேட்டரி செத்தால் ஃபிரிட்ஜும் சும்மா நிற்கும். இப்போது வருவதில் குளிர்ச்சியைச் சேமிக்கப் பேட்டரியே கிடையாது. பகலில் பேனல் கம்ப்ரஸரை நேராக ஓட்டி, பெட்டிக்குள்ளேயே ஐஸை உறையவைக்கிறது, இரவிலும் மழை நாளிலும் அந்த ஐஸ் காக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் தர விதிப்படி வெயில் இல்லாமலே குறைந்தது மூன்று நாள் தாங்க வேண்டும். இந்தத் துறையின் ஆராய்ச்சியில் மனிதருக்கு நேராகப் பயன்பட்டது எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி (கோவை வாசகி): ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் சூடு தரும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

நம்பலாம். கீசர் சூட்டை உண்டாக்குகிறது. ஹீட் பம்ப் வெளிக்காற்றில் ஏற்கெனவே இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீரில் போடுகிறது, கரண்ட் அந்தச் சுமைகூலிக்கு மட்டும். 100 லிட்டர் தண்ணீரை 25-லிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோகக் கீசருக்குச் சுமார் 3.5 யூனிட் ஆகும், ஹீட் பம்புக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். ஊட்டிக் குளிரில் இந்த லாபம் குறையும். காற்றோட்டமில்லாத அறைக்குள் வைத்தாலும் குறையும், அதனால் வாங்கும் முன்பே இடத்தைப் பாருங்கள். இரண்டு பேர் மட்டும் குளிக்கும் வீட்டில் போட்ட காசு திரும்ப நாளாகும், விடுதிக்கும் கூட்டுக்குடும்பத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

கேள்வி (மதுரை வாசகர்): வருடா வருடம் ஏசிக்கு காஸ் நிரப்புகிறோம். இது வழக்கம்தானா?

இல்லவே இல்லை. ஏசி காஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிந்தால் நஷ்டம் பணத்தோடு நின்றுவிடுவதும் இல்லை: ஆர்-410ஏ என்ற ஏசி காஸ் ஒரு கிலோ கசிந்தால் 2 டன்னுக்கு மேல் கரியமில வாயு விட்டதற்குச் சமம், ஆர்-32 என்ற இன்னொரு வகை என்றால் சுமார் 675 கிலோ. இவற்றைப் படிப்படியாகக் குறைக்கத்தான் 2016-ல் ருவாண்டா நாட்டின் கிகாலியில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன. அடுத்த முறை மெக்கானிக் சிலிண்டரோடு வந்தால், முதலில் நைட்ரஜன் அடைத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி எங்கே குமிழி வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கசிவை அடைத்த பிறகு வாக்யூம் போட்டு (குழாயிலிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), அப்புறம்தான் காஸ்.